ஸ்கூட்டருக்கு வேகம் கூட்டுமுன்…

கராஜில் பணத்தைக் கொடுக்குமுன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

● மலையில் இழுவை குறைந்தால் உடனே எஞ்சின் பழுதென்று நினைக்காதீர்கள். நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சின் வலுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

● கார்புரேட்டர் வண்டியென்றால், உயரத்தில் கலவையில் பெற்றோல் கூடிவிடும். கராஜ் பாஸிடம் சொல்லி டியூன் செய்து, எயார் ஃபில்டரையும் துப்புரவாக்குங்கள். செலவு குறைவு, பலன் நிச்சயம்.

● எடை குறைந்த வேரியேட்டர் ரோலர் போட்டால் ஏற்றத்தில் விறுவிறுப்பு கூடும். உச்ச வேகம் கூடாது. பெற்றோல் செலவு கூடலாம்.

● சைலென்சரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும்.

● மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி 100ஐத் தொட, காற்றெதிர்ப்பை வெல்லவே ஏறக்குறைய இரு மடங்கு வலு தேவை. 110 சிசி எஞ்சினிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

● றம்பொடை, கினிகத்தேனை வளைவுகளில் மழையிலும் பனிமூட்டத்திலும் உயிரைக் காப்பது பிரேக்கும் டயரும்தான். கையிலுள்ள காசை முதலில் பிரேக் ஷூ, டயர், பெல்ட் மாற்றச் செலவிடுங்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் பத்திரமாக வந்து சேர்வதே முக்கியம்.