முன் அச்சும் சங்கத்தின் சிக்கனமும்

மலைப்பகுதிகளில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் சங்கங்கள் சிலவற்றில், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் வகைச் சரக்கு வண்டிகள் இன்னும் உழைத்து வருகின்றன. நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், முறிந்த முன் ஆக்சில் ஷாப்டை வெல்டு செய்த வகையில் ஒரே ஆண்டில் மூன்று செலவுச் சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் சிறு தொகையே. கூட்டினால் புதிய ஷாப்டின் விலையைத் தாண்டிற்று. மூன்றாம் முறை வண்டி நின்றபோது, பீன்ஸ் மூட்டைகள் இரண்டு நாள் வழியிலேயே கிடந்து வாடின. அந்த நஷ்டம் பேரேட்டில் ஏறவில்லை; அங்கத்தினர் தலையில் ஏறிற்று.

ஷாப்டு முறிவது ஏன்? 1941ஆம் ஆண்டில் வெளிவந்த வில்லிஸ் ஜீப்பின் அமைப்பை ஒட்டிய வண்டிகளில், முன் ஷாப்டு இரு துண்டுகளாக இருக்கும். அவற்றை இணைக்கும் மூட்டு, உருண்டை வடிவ உறைக்குள் கிரீஸில் சுழலும். உள் ஆயில் சீல் தேய்ந்தால் கியர் எண்ணெய் கசிந்து கிரீஸைக் கரைக்கும். உறையின் வெளிச் சீல் கிழிந்தால் சேறும் நீரும் புகும். வண்டியை ஒடித்துத் திருப்பும்போது எழும் 'கடக், கடக்' என்னும் ஒலியே முதல் எச்சரிக்கையாகும். ஷாப்டு பதமேற்றிய எஃகினால் ஆனது. வெல்டின் சூடு அப்பதத்தைக் கெடுத்துவிடும். ஆதலின் வெல்டு செய்வது சிக்கனமன்று.

மாற்றும் முறை வருமாறு: கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான தாங்கியின்மேல் வண்டியை நிறுத்த வேண்டும். சக்கரம், ஹப், பிரேக் டிரம், ஸ்பிண்டில் ஆகியவற்றை முறையே கழற்றி, ஷாப்டை நேராக வெளியே இழுக்க வேண்டும். கழற்றிய பிரேக் தட்டை ஹோஸில் தொங்கவிடலாகாது. இடப்புற ஷாப்டும் வலப்புற ஷாப்டும் ஒரே நீளமல்ல. பழையதைப் பக்கத்தில் வைத்து நீளத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்ட பிறகே புதியதை வாங்குக. உள் சீல், வெளிச் சீல் இரண்டையும் உடன் மாற்றுக. பழைய கிரீஸை முற்றிலும் துடைத்துவிட்டுப் புதியதை இடுக. ஷாப்டின் பற்கள் புதிய சீலின் விளிம்பைக் கீறாதபடி மெல்லச் செலுத்துக. சக்கரம் ஆட்டமின்றியும் இறுக்கமின்றியும் சுழலுமாறு பேரிங் நட்டை அமைத்துப் பூட்டுக.

ஓட்டுநரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். முன்சக்கரங்கள் திருப்பத்தில் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி செல்கின்றன. காய்ந்த தார்ச்சாலையில் முன்கியரைப் போட்டுத் திருப்பினால், அந்த வேறுபாடு முழுவதும் ஷாப்டை முறுக்கும். சேற்றுக்கும் வழுக்கும் ஏற்றத்திற்கும் மட்டுமே முன்கியர் ஏற்றது.

நிர்வாகக் குழுவினர் வண்டிக்கெனத் தனி ஏடு ஒன்று வைத்து, எந்தப் பாகம் எந்நாளில் மாற்றப்பட்டது என்று எழுதி வருவார்களாக. ஒரே பழுதுக்கு இரண்டாம் சீட்டு வரும்போது, கையொப்பமிடுமுன் காரணத்தைக் கேட்பார்களாக. அக்கேள்வி சங்கத்தின் பணத்தை மட்டுமல்ல, மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவரின் உயிரையும் காக்கும்.