உள்ளே என்ன இருக்கு? ரெசிப்ரோ சா பிடிக்கும் முன்

வடசென்னையின் மணலியில் ஒரு கிரில் கேட்டுக்கு எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் துரு விடாது. எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று கீல், போல்ட், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒட்டிப்போக வைத்துவிடும். ஸ்பேனர் போட்டால் போல்ட்டின் தலை மழுங்குமே தவிரத் திரும்பாது. ஆக்ஸா பிளேடால் கை வலிக்க அறுக்க வேண்டிய அந்த இடத்தில் கரண்டில் ஓடும் ரெசிப்ரோ சா சட்டென்று வேலையை முடிக்கிறது. 1951-ல் அமெரிக்காவின் மில்வாக்கி கம்பெனி ‘சாசால்’ என்ற பெயரில் கொண்டுவந்த மெஷின் இது. பிளேடு முன்னும் பின்னுமாக நிமிடத்துக்கு 3,000 தடவை வரை ஓடும். கிரைண்டர் மாதிரி பொறி பறக்காததால் இதில் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிளேடின் நுனி வேலை செய்வது நம் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

1. பழைய நிலைக்கதவை எடுக்கிறீர்களா, சுவரோரம் பைப் அறுக்கிறீர்களா, எதுவானாலும் பிளேடு எதிர்ப்பக்கம் எவ்வளவு நீளும் என்று முதலில் பாருங்கள். நுனி சுவரில் இடித்தால் மெஷின் முழுக்கப் பின்னால் உதைக்கும், பிளேடு வளையும். அதற்காக ரொம்பக் குட்டையான பிளேடும் வேண்டாம். முன்னே வந்தாலும் பின்னே போனாலும் நுனி பொருளுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

2. சுவருக்குள் ஒயர் போகும் இடமென்றால் அந்த ரூம் ஸ்விட்சை அணைத்தால் போதாது, மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. ஈ.பி. மெயினை இறக்கிய மறுநொடியே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு பாதி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும். அதையும் அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் பக்கத்து வீட்டிலிருந்தோ வேறு லைனிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி மெஷின் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

3. இந்த ஊருக்கென்றே ஒரு குறிப்பு. சுத்திகரிப்பு ஆலையும் கெமிக்கல் கம்பெனிகளும் சூழ்ந்த ஊர் என்பதால், காயலான் கடையில் 200 லிட்டர் இரும்பு டிரம் சல்லிசாகக் கிடைக்கும். மேல்மூடியை அறுத்துத் தண்ணீர்த் தொட்டியாக்கலாம், பாதியாகப் பிளந்து அடுப்பாக்கலாம் என்று ஆசை வரும். தின்னர், சால்வென்ட், எண்ணெய் இருந்த டிரம்மை வீட்டில் அறுக்கவே அறுக்காதீர்கள். நிரம்பிய டிரம்மைவிடக் காலி டிரம்தான் மோசம், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆவியும் காற்றும் கலந்த கலவை. சோப்பு போட்டு மூன்று முறை கழுவினாலும் அடியிலும் ஓரத்து மடிப்பிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேடு உராயும் சூட்டில் அது மறுபடி ஆவியாகும். ‘சா-ல பொறி வராதே’ என்பார்கள். இருட்டில் மெஷினை ஓடவிட்டு, பின்பக்கத்துக் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள்: கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் நீலப் பொறி இடைவிடாமல் மின்னும். பற்றிக்கொள்ள அந்தப் பொறியே போதும். கேஸ் சிலிண்டர், பெட்ரோல் கேன் பக்கத்திலும் இதே காரணத்தால் இந்த மெஷின் கூடாது. பிளாஸ்டிக் டிரம் என்றாலும் லேபிளைப் படியுங்கள். லேபிள் கிழிந்திருந்தால் வாங்காதீர்கள்.

4. ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் இதால் அறுக்கக் கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகவே திரும்பலாம். ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். போல்ட் துருவேறியிருந்தால் கூரைக்கு அடியில், ஷீட்டில் படாமல் போல்ட்டை மட்டும் அறுக்கலாம்.

5. பிளேடு வாங்கும்போது அங்குலத்துக்கு எத்தனை பல் என்று கேளுங்கள். பச்சை மரக்கிளைக்கும் ஆணி இல்லாத மரத்துக்கும் 5, 6 பல். ஆணி இருக்கலாம் என்ற சந்தேகமுள்ள பழைய மரத்துக்கு 10 பல் பை-மெட்டல். ஆங்கிள், தடிமனான பைப்புக்கு 14, ஜி.ஐ. பைப்புக்கு 18, மெல்லிய தகட்டுக்கு 24. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பல்லாவது இரும்பில் படிய வேண்டும். இல்லையென்றால் பல் கொக்கி மாதிரி மாட்டி உடையும். நல்ல பை-மெட்டல் பிளேடுக்குக் காசு கூடத்தான், கொடுக்கலாம்.

6. மரத்துக்கு வேகம் கூட, இரும்புக்கு வேகம் குறைவு. பலர் நேர்மாறாகச் செய்து பிளேடு நீலம் பாய்ந்த பிறகு கடைக்காரரைத் திட்டுகிறார்கள். இரும்பு அறுக்கும்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பல் நீடிக்கும்.

7. முன்னால் இருக்கும் ஷூ என்ற தகட்டைப் பொருளோடு அழுத்தியே வைத்திருங்கள். அதிர்வில் பாதி அதிலேயே அடங்கிவிடும். இரண்டு கையும் மெஷினில் இருக்க வேண்டும். ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுப்பவர்களை ரோட்டோர வேலைகளில் தினமும் பார்க்கலாம், பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். பைப்பை வைஸிலோ கிளாம்பிலோ மாட்டுங்கள்.

8. கண்ணாடி, காது அடைப்பான், தூசிக்கு மாஸ்க், மூடிய ஷூ. லுங்கி, துப்பட்டா, தொங்கும் கயிறு எதுவும் கூடாது.

9. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்த நாளில் சென்னைத் தெருக்களில் விழுந்த மரங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விழுந்த கிளை வெறுமனே கிடப்பதில்லை, வளைந்து முறுக்கேறிக் கிடக்கும். இரண்டு முனையும் தாங்கியிருக்க நடுவில் அறுத்தால் மேல்பக்கம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து மேலாக முடியுங்கள். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் தொங்கினால் முதலில் அடியில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. முருங்கையும் வாசலில் நிற்கும் பாதாம் மரமும் சொல்லாமல் முறியும், ஏணியில் ஏறி அறுக்காதீர்கள். கிளை மின்கம்பியில் சாய்ந்திருந்தால் கிட்டவே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். ரோட்டில் விழுந்த மரத்துக்கு மாநகராட்சியின் 1913. நிற்கும் மரத்தை வெட்ட அனுமதி வாங்க வேண்டும்.

10. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஈரமான இடத்தில் கரண்ட் மெஷின் ஓட்டாதீர்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள், தூரம் அதிகமென்றால் 2.5. சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், சுருண்ட ஒயர் சூட்டில் உருகும்.

11. வாடகைக்கு எடுக்கும்போது கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் வேறு மெஷின் கேளுங்கள். பிளேடை மாட்டி இழுத்துப் பாருங்கள், வெளியே வந்தால் அதுவும் வேண்டாம். பிளேடு மாட்டும்போதும் கழற்றும்போதும் பிளக்கைப் பிடுங்குங்கள். இப்போதுதான் அறுத்து முடித்த பிளேடு கையைச் சுடும், கொஞ்சம் ஆறட்டும்.

12. சொந்த மெஷின் என்றால் வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளையும் பிளேடு மாட்டும் வாயையும் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள். இரும்புத் தூள் அங்கே தங்கினால் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். துடைத்துவிட்டு மெல்ல ஒரு பூச்சு மெஷின் ஆயில். மூடும் பெட்டியில், புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், மொட்டைமாடி ஷெட் வேண்டாம். பொறி அதிகமானாலும், விட்டுவிட்டு ஓடினாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இரண்டு பிரஷ்ஷையும் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். பேட்டரி மெஷினின் பேட்டரியை வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் விடாதீர்கள்.

13. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எண்ணூர் கழிமுகம் வரை தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து ஓடியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் முழுகிய மெஷினைத் துடைத்துக் காயவைத்து ‘ஓடுதா பார்ப்போம்’ என்று பிளக்கில் செருகக் கூடாது. மெக்கானிக் பிரித்து, சுத்தம் செய்து, காயவைத்து, இன்சுலேஷனைச் சோதித்த பிறகே கரண்ட். மழை எச்சரிக்கை வந்தால் ஃபிரிட்ஜைத் தூக்கி வைப்பதோடு டூல் பெட்டியையும் பரணில் ஏற்றுங்கள்.

14. உடைந்த பிளேடுகளைக் குப்பைப் பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையைக் கிழிக்கும். காலி தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடி, பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிடுங்கள்.