எண்ணெய் மாற்றிய பின் டிராக்டரில் கசிவு

எண்ணெய் மாற்றிய மறுநாள் டிராக்டரின் அடியில் எண்ணெய்த் திட்டைக் கண்டு, இயந்திரமே பழுதாயிற்றென உழவர்கள் கலங்குவதுண்டு. நேற்றுவரை ஒழுகாதது இன்று ஒழுகுமாயின், நேற்றுக் கைபட்ட இடங்களையே நாம் முதலில் ஐயுறல் வேண்டும்.

மாற்றும்போது சிந்திய எண்ணெயே எங்கேனும் தங்கிச் சொட்டுவதும் உண்டு. ஆகவே எண்ணெய் அளவைச் சரிபார்த்து, ஆறிய எஞ்சினின் அடிப்பகுதியைத் துடைத்து, கீழே செய்தித்தாளை விரித்து, 5 நிமிடம் ஓடவிட்டு நோக்குக. எண்ணெய் கீழே வழியும். விசிறிக் காற்று அதைப் பின்னே தள்ளும். எனவே சொட்டும் இடத்தை நம்பலாகாது. ஈரம் தொடங்கும் மேலிடமே கசிவின் பிறப்பிடம்.

பில்டரருகே பெருகினால், பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதிய பில்டரைப் பொருத்தியிருக்கக் கூடும். நல்ல கைகளுக்கும் நேரும் பிழை இது! இரு வளையங்களுக்கிடையே அழுத்தத்தால் எண்ணெய் முழுதும் விரைவில் வெளியேறிவிடும். எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால் அந்நொடியே எஞ்சினை நிறுத்துக. உழவு ஒருநாள் பிந்தினும் பிந்துக. பழைய வளையத்தை அகற்றி, புதியதில் சிறிது எண்ணெய் தடவி, பில்டர்மேல் அச்சிட்ட அளவுக்குக் கையாலேயே முறுக்குக.

அடித்திருகில் கசிந்தால் நசுங்கிய வாஷரை மாற்றுதல் வேண்டும். அதை விடுத்து ஸ்பானரால் மேலும் மேலும் முறுக்கினால் மரை தேய்ந்து, சிறு வாஷருக்காக எண்ணெய்த் தொட்டியையே மாற்ற நேரும்.