கண்ணில் தொடங்கும் படம்

பத்தாம் வகுப்பு மாணவி



"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த முகத்தைப் படம் பிடிக்க ஏற்ற லென்சு எது என்பதை நான் சோதித்து அறிந்த கதையே இக்கட்டுரை.

என் பாட்டி மாமல்லபுரத்தில் வசிக்கிறார். தாத்தா கல் சிற்பி. அவர் மறைந்தபோது வீட்டில் அவருடைய நல்ல படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டையிலிருந்த சிறு படத்தைப் பெரிதாக்கி மாலையிட்டோம். அதில் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும்புள்ளிகளே தெரிகின்றன. சென்ற கோடை விடுமுறையில் பாட்டி என்னிடம், "கண்ணு, என்னையாவது நல்லா ஒரு படம் எடுத்து வச்சிடு" என்றார். அச்சொல் என் மனத்தைத் தைத்தது.

செங்கல்பட்டில் புகைப்பட நிலையம் வைத்திருக்கும் என் மாமா தம் கேமராவையும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்சு ஒன்றையும் இரவல் தந்தார். "இது உனக்குப் பயன்படுமா என்று நீயே பார்த்துச் சொல். நன்றாக இருந்தால் வாங்கித் தருகிறேன்" என்றார் அப்பா. ஆகவே இது எனக்கு ஒரு தேர்வாகவும் அமைந்தது.

லென்சின் இலக்கணம்

ஒளியியல் பாடத்தில் குவிலென்சைப் பற்றிப் படித்திருக்கிறோம். ஜூம் லென்சில் குவியத் தொலைவை மாற்றலாம். பிரைம் லென்சில் அது மாறாது. நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். நம் கண்ணின் பாவை இருளில் விரிந்து வெயிலில் சுருங்குவது போல, லென்சினுள்ளும் விரிந்து சுருங்கும் துளை ஒன்று உண்டு. குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். எண் சிறிதானால் துளை பெரிது என்பதை மறக்கலாகாது.

50 மி.மீ. லென்சில் எஃப் 1.8 என்றால் துளையின் விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ. கேமராவுடன் வரும் சாதாரண ஜூம் லென்சு 50 மி.மீ. நிலையில் பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். அதன் துளை சுமார் 9 மி.மீ. ஒளி பரப்பளவைப் பொறுத்தது. ஆகவே முதல் லென்சு ஒன்பது மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விடுகிறது. இதனால்தான் இதனை 'வேகமான லென்சு' என்கின்றனர்.

இந்த வேகத்தின் தேவையை உலகம் தொடக்கத்திலேயே உணர்ந்தது. 1839-இல் தாகேரின் புகைப்பட முறை வெளியானபோது, படம் எடுக்கப்படுபவர் பல நிமிடங்கள் அசையாமல் அமர வேண்டியிருந்தது. வியன்னாப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் கணக்கிட்டு வடிவமைத்த எஃப் 3.6 லென்சு அத்துன்பத்தை வெகுவாகக் குறைத்தது. அதனைச் செய்து விற்றது ஃபாக்ட்லாண்டர் நிறுவனம். இன்றைய 50 மி.மீ. லென்சுகள் பலவற்றுக்கும் முன்னோடி, ஜெர்மனியில் பால் ருடால்ஃப் 1896-இல் வடிவமைத்த 'பிளானார்' லென்சு ஆகும்.

முதல் சோதனை

பாட்டி வீட்டு முன்னறையில் ஒரே ஒரு சன்னல். அங்கு ஜூம் லென்சு ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் கேட்டது. அதற்குள் என் கை நடுங்கிவிட்டது. வேக லென்சோ நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்தில் படத்தை முடித்தது. பாட்டி பேசிக்கொண்டே இருந்தும் படம் கலங்கவில்லை. பின்னால் இருந்த துணிக்கொடியும் பாத்திரங்களும் மெல்லிய வண்ணப் புகையாகக் கரைந்தன. நான் பூரித்துப் போனேன்.

அந்த மகிழ்ச்சி செங்கல்பட்டு வந்து சேரும் வரையில்தான் நீடித்தது. மாமாவின் பெரிய திரையில் பார்த்தபோது, எடுத்த பன்னிரண்டு படங்களிலும் பாட்டியின் மூக்குத்தி பளிச்சென்று இருந்தது, கண்கள் மங்கியிருந்தன. தாத்தா படத்தில் நேர்ந்த குறை என் கையாலும் நேர்ந்துவிட்டது!

மாமா காரணத்தை விளக்கினார். துளை பெரிதாக ஆக, கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைகிறது. நான் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் எடுத்திருந்தேன். அவர் கேமராவின் கணக்குப்படி அந்த ஆழம் மொத்தமே 3 செ.மீ. மூக்கில் குவித்தால் கண் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எஃப் 2.8 வைத்தால் ஆழம் 10 செ.மீ. ஆகும். பின்னணியும் போதிய அளவு கலையும்.

அந்த வாரம் பாட்டிக்குக் காய்ச்சல் வந்தது. இனிப் படம் எடுக்கவே முடியாமற் போய்விடுமோ என்று நான் அஞ்சியதை எவரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் சோதனை

பாட்டி தேறியதும் மீண்டும் சென்றேன். "தப்பு எங்கே?" என்று கேட்டார். கண் சரியாக விழவில்லை என்றேன். அவர் சிரித்தார். "உங்க தாத்தா எல்லாத்தையும் செதுக்கிட்டு கண்ணைக் கடைசியிலதான் திறப்பாரு. கண்ணு சரியில்லேன்னா சிலையே வீண்னு சொல்லுவாரு" என்றார். மாமா கணக்கில் சொன்னதைத் தாத்தா உளியில் சொல்லியிருக்கிறார்!

அன்று மாலை மூன்று மணிக்கு அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தின் அருகே சென்றோம். அப்பாறை கிழக்கு நோக்கியது. ஆதலால் பிற்பகலில் அதன்முன் நிழல் விழுகிறது. உச்சி வெயில் கண்குழியைக் கருக்கிவிடும். நிழலில் வானத்தின் ஒளி முகத்தில் மென்மையாகப் பரவும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி வைக்க அனுமதி பெற வேண்டும். கையில் பிடித்தே எடுக்க வேண்டிய எனக்கு வேக லென்சு பெருந்துணையாயிற்று. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, எஃப் 2.8 வைத்து, கேமராவின் குவியப்புள்ளியைப் பாட்டியின் அருகிலிருந்த கண்ணில் பொருத்தி எடுத்தேன்.

குணமும் குற்றமும்

இந்த லென்சின் நிறைகள்: குறைந்த ஒளியிலும் வேகம், பின்னணியைக் கலைக்கும் திறம், எளிய எடை. மாமாவின் கேமராவில் உள்ள ஒளியுணரி 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது. ஆதலால் இது 75 மி.மீ. லென்சின் பார்வைக் கோணத்தைத் தருகிறது. சற்றுத் தள்ளி நின்றே முகத்தைச் சட்டம் நிரம்ப எடுக்க முடிகிறது. மூக்கு பெருத்துத் தெரிவதில்லை.

குறைகளும் உள. எஃப் 1.8-இல் படத்தின் மூலைகள் மென்மையாகின்றன. எதிர் வெயிலில் பாட்டியின் நரைமுடி ஓரத்தில் ஊதா நிறக் கோடு தோன்றியது. இஃது நிறப்பிறழ்ச்சியின் விளைவு. எஃப் 2.8-இல் இவ்விரண்டும் பெரிதும் குறைந்தன. சிறிய அறையில் குடும்பம் முழுவதையும் எடுக்க இது உதவாது. முதுகு சுவரில் முட்டியும் நால்வர்தாம் படத்துள் அடங்கினர்.

கடற்கரையில் மேலும் எச்சரிக்கை வேண்டும். மணற்காற்றில் லென்சைக் கழற்றி மாட்டலாகாது. உப்புத்துளி படிந்தால் முதலில் ஊதிப் பொடியை அகற்றிவிட்டு, பிறகே மென்துணியால் துடைக்க வேண்டும். ஈரத்தில் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். ஆதலால் சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான டப்பாவில் வைப்பது நலம்.

முகப்படத்திற்கு இந்த லென்சு ஏற்றது என்பதே என் முடிவு. ஆனால், அதன் துளையை முழுவதும் திறந்து வைப்பதே திறமை என்று எண்ணியது என் அறியாமை. இவ்விரண்டையும் அப்பாவிடம் சொன்னேன். "முதல் பாதிக்காக வாங்கித் தரலாம், இரண்டாம் பாதிக்காகக் கட்டாயம் வாங்கித் தர வேண்டும்" என்றார்.

படத்தை அச்சிட்டுப் பாட்டியிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தாத்தா படத்தின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, பேத்தி கண்ணு திறந்துட்டா" என்றார்.

தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நல்ல படம் உங்களிடம் உள்ளதா? இன்று மாலையே பாருங்கள். இல்லையெனில், சன்னலருகே அவரை அமர்த்தி, கையிலுள்ள கேமராவிலேயே எடுங்கள். கண்ணில் தொடங்குங்கள்.