வலி தணிக்கும் பால்



திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். சூலை நோய் வயிற்றைக் குடைந்தபோது அவர் அதைப் பொறுத்துக்கொண்டு கிடக்கவில்லை. திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரை நாடி இரவோடு இரவாக வந்து சேர்ந்தார். அம்மையார் திருநீறு அளித்து அவரை வீரட்டானத்து இறைவன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். சுவாமிகள் தம் வலியை மறைக்காமல் பதிகமாகவே பாடினார் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. வலி வந்தவர் வாய்விட்டுச் சொல்லலாம் என்பது ஒன்று. உடன்பிறந்தோர் அந்த வலியைத் தீர்க்க முன்வர வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றைச் சமய வகுப்பில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் போதித்த நான், என் வீட்டிலேயே மறந்துபோனேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

அண்ணன் பட்ட பாடு

எங்கள் குடும்பம் ரந்தாவ் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தது. அண்ணன் பதினான்கு வயதில் உளியைக் கையில் எடுத்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, மங்கு மங்காகப் பால் சேர்த்து அவர் கொண்டுவந்த சம்பளத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சி பெற்றேன்.

2009ஆம் ஆண்டு அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. நோயைக் குணப்படுத்தும் கட்டம் கடந்துவிட்டது. வயிற்றில் தொடங்கும் வலி முதுகுவரை போகும். மருத்துவர் மார்ஃபின் திரவ மருந்தைக் கொடுத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்கச் சொன்னார்.

பள்ளியில் போதைப்பொருள் ஒழிப்புக் கட்டுரைப் போட்டி நடத்திய ஆசிரியன் நான். மார்ஃபின் அபினியிலிருந்து வருவது என்று எனக்குத் தெரியும். அண்ணன் அதற்கு அடிமையாகிவிடுவார், மயங்கியே கிடப்பார், உயிரும் சீக்கிரம் போய்விடும் என்று அஞ்சினேன். புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "தாங்கவே முடியாவிட்டால் மட்டும் தருவோம்" என்று அண்ணியிடம் சொன்னேன். ஆறு இரவுகள் அப்படியே கழிந்தன. அண்ணன் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.

ஏழாம் நாள், வீடு தேடி வந்து பார்க்கும் தாதி ஒருவர் வந்தார். புட்டியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மருந்து ஏறக்குறைய அப்படியே இருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அண்ணன் பக்கம் குனிந்து, "ஐயா, வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒன்பது மிஸ்ஸி. தம்பி மனசு கஷ்டப்படும்னு சொல்லல" என்றார்.

அந்தத் தாதியும் தோட்டத்துப் பிள்ளைதான். "ஐயா, பால் வெட்டுறப்ப உளி ஆழமாப் போனா என்னாகும்?" என்றார். "மரம் புண்ணாயிடும்." "மேலோட வெட்டினா?" "பால் வராது." உடனே அவர் என்னிடம் திரும்பி, "மருந்தும் அப்படித்தான் சார். அளவு தெரிஞ்ச கை வேணும். பூட்டி வெச்சா மரமும் பால் தராது, மருந்தும் வலியைத் தீர்க்காது" என்றார்.

இரண்டு பாலும் ஒரே வகை

அந்தச் சொல் என்னைத் தேட வைத்தது. தாவரவியல் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, அவர் சொன்னது வெறும் உவமை அல்ல என்று தெரிந்தது.

ரப்பர் மரப் பட்டையின் உட்புறத்தில், மரம் பருமனாக உதவும் மெல்லிய வளர்படலத்தை ஒட்டி, பால் நாளங்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. உளி அந்த நாளங்களைத் தொட வேண்டும், வளர்படலத்தைத் தொடக்கூடாது. விடியற்காலையில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஒழுகும். நம் பெற்றோர் இருட்டோடு எழுந்து ஓடியதன் காரணம் இதுவே.

குருமாவில் நாம் அரைத்துச் சேர்க்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. அந்தச் செடிக்கும் இதே போன்ற பால் நாளங்கள் உண்டு. இந்தியாவில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். பச்சைக் காயைப் பிற்பகலில் கீறிவிட்டு, இரவில் கசிந்து உறைந்த பாலை மறுநாள் காலையில் வழித்தெடுக்கிறார்கள். நாம் ஒட்டுப்பால் எடுப்பதை இது நினைவூட்டவில்லையா? ரப்பர் மரத்தின் பாலில் ரப்பர் இருக்கிறது; அபினிச் செடியின் பாலில் மார்ஃபின் இருக்கிறது.

செர்ட்டுர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர் அபினியிலிருந்து மார்ஃபினைத் தனியே பிரித்தெடுத்து, 1817இல் விரிவாக எழுதி வெளியிட்டார். செடி அதை எவ்வாறு செய்கிறது என்பதை ஆராய்ந்த கனடா நாட்டு ஆய்வாளர்கள், முதற்கட்ட வேலை செடியின் உணவு செல்லும் குழாய்களிலும், கடைசிக்கட்ட வேலை பெரும்பாலும் பால் நாளங்களிலும் நடப்பதை 2013இல் காட்டினார்கள். 2018இல் அச்செடியின் மரபணுத் தொகுதியே படித்து வெளியிடப்பட்டது.

ஒரு செடியின் பால் மனிதன் வலியை எப்படித் தணிக்கும்? மூளையிலும் தண்டுவடத்திலும் மார்ஃபின் பொருந்தும் ஏற்பிகள் உள்ளன என்று 1973இல் கண்டறிந்தார்கள். பூட்டு இருந்தால் சாவியும் இருக்க வேண்டுமல்லவா? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற இருவர், வலியைத் தணிக்க நம் உடலே சுரக்கும் பொருள்களைக் கண்டறிந்தார்கள். இறைவன் உடலுக்குள்ளேயே வைத்த பூட்டுக்கு, ஒரு செடியிலும் சாவி வைத்திருக்கிறான் என்றே நான் எண்ணுகிறேன்.

தாதியாகத் தொடங்கிய ஒரு பெண்மணி

மருந்து இருந்தும் அதைக் கொடுக்கும் முறை நெடுநாள் தெரியாமல் இருந்தது. இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் தாதியாகப் பயின்றார். பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். அதன்பின் படித்து 1957இல் மருத்துவரானார். வலி வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, வலி திரும்புவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுத்தால் நோயாளி தெளிவோடு வாழ முடியும் என்று காட்டினார். உடல் வலியோடு மனம், குடும்பம், ஆன்மா ஆகியவற்றின் துயரமும் சேர்ந்ததே முழு வலி என்றார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கினார். 1986இல் உலகச் சுகாதார நிறுவனமும், புற்றுநோய் வலிக்கு வாய்வழியாக, மணி தவறாமல், படிப்படியாக மருந்து தரும் முறையை வெளியிட்டது.

நம் நாட்டில் 1991இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தொடங்கப்பட்டு, நோயாளிகளின் வீட்டுக்கே சென்று பணி செய்கிறது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் இராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், பின்னர் ஊர் மக்களையே தொண்டர்களாக்கியது. அபினி விளையும் இந்தியாவிலேயே, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. அலமாரியைப் பூட்டியவன் நான் ஒருவன் மட்டுமல்ல.

குடும்பத்தார் அறிய வேண்டியவை

அந்தத் தாதியிடம் நான் கற்றவற்றை வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

மருத்துவர் குறித்த அளவை, குறித்த நேரத்தில் கொடுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ, திடீரென நிறுத்தவோ வேண்டாம். முற்றிய நோயின் வலிக்காக மருத்துவர் மேற்பார்வையில் உண்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. முதல் சில நாள்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் நீடிக்கும். அதற்கான மருந்தையும் கூடவே கேட்டுப் பெறுங்கள். எழுப்ப முடியாத தூக்கமோ, மூச்சு மிகவும் குறைவதோ கண்டால் உடனே மருத்துவரை அழையுங்கள். மருந்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்; மற்றவர்க்குக் கொடுக்காதீர்கள்; மிச்சத்தை மருத்துவமனையில் ஒப்படையுங்கள். படுக்கையில் இருப்பவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வையுங்கள். வாயை ஈரத்துணியால் துடையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வலி எத்தனை என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள்.

கடைசி நாள்கள்

அன்று இரவு அண்ணன் உறங்கினார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நான் அஞ்சியபடி மயங்கிக் கிடக்கவில்லை; பேரப்பிள்ளைகளின் பெயர் சொல்லி அழைத்தார்; தேவாரம் பாடச் சொல்லிக் கேட்டார். தாதி மெல்லிய ரப்பர்க் கையுறை அணிந்து அவர் முதுகைத் துடைத்தபோது, அதைத் தொட்டுப் பார்த்து, "இது நம்ம பாலு" என்று சிரித்தார். மேலும் பத்தொன்பது நாள்கள் இருந்து, வலியில்லாமல் சிவபதம் அடைந்தார்.

அந்த ஆறு இரவுகளை மட்டும் என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. "அண்ணே, என்னை மன்னிச்சிடு" என்று கேட்டேன். "நீ படிச்சவன், தெரியாமத்தானே செஞ்சே" என்றார். இன்றும் அந்தச் சொல் என்னைச் சுடுகிறது.

இப்போது பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் கலைந்து, பால் வெட்டிய மூத்தோர் வீடமைப்புப் பகுதிகளில் ஆளுக்கொரு மூலையில் முதுமையைக் கழிக்கிறார்கள். கோயிலுக்கு வாரி வழங்கும் அன்பர்களை வேண்டுகிறேன்: விமானத்துக்கும் மண்டபத்துக்கும் தருவதுபோல், ஒரு நோயாளிக்குக் கட்டிலோ சக்கர நாற்காலியோ கொடுங்கள், வீடு தேடிச் செல்லும் தாதியரின் பயணத்துக்கு உதவுங்கள். பொருள் இல்லாதவர்கள் ஒரு பிற்பகல் நோயாளியின் அருகில் அமர்ந்து, வீட்டாரைச் சற்று உறங்க விடுங்கள். அதுவும் திலகவதியார் செய்த தொண்டே.

எவர் வீட்டு அலமாரியிலாவது அப்படி ஒரு புட்டி பூட்டியிருந்தால், இதைப் படித்ததும் திறந்துவிடுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நோயுற்ற அனைவர்க்கும் துணை நிற்பானாக.