தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே

தட்டம்மை, மணல்வாரி, இலங்கையில் சின்னமுத்து: பெயர் எதுவானாலும் நோய் ஒன்றுதான். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். நோயாளி எழுந்துபோன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். தனக்கு அம்மை என்றே தெரியாமல் ஒருவர் விமானம் ஏறிவிடுகிறார்.

செய்ய வேண்டியவை

• காய்ச்சல், இருமல், கண் சிவப்போடு காதுக்குப் பின்னால் தடிப்பு கண்டால், உடனே தேதிகளைக் குறித்து வையுங்கள். காய்ச்சல் என்று வந்தது, தடிப்பு என்று தெரிந்தது, அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் எந்த ஊர், எந்த விமானம், யார் வீட்டுக் கல்யாணம். 1846இல் பரோ தீவுகளில் பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் ஊர் ஊராகப் போய் இப்படித் தேதிகளைக் கேட்டுக் கேட்டுத்தான், தொற்றியதிலிருந்து தடிப்பு வர 13, 14 நாள் ஆகும் என்று கண்டுபிடித்தார். நோய் எங்கிருந்து வந்தது என்ற தேடல் இன்றும் இந்தத் தேதிகளிலிருந்துதான் தொடங்குகிறது.

• ரத்தமோ தொண்டைச் சளியோ கேட்டால் கொடுங்கள். கிருமியின் மரபணுவில் 450 எழுத்துள்ள ஒரு துண்டைப் படித்து, வேறெந்த நாட்டில் கண்ட கிருமியோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் இப்போது உலகெங்கும் டி8, பி3 என்ற இரண்டு வகைகளே அதிகம். உங்கள் பயணத் தேதி இல்லாமல் வழி துலங்காது.

• மருத்துவமனைக்குப் போகுமுன் போனில் சொல்லிவிடுங்கள். அங்கே கைக்குழந்தைகள் காத்திருப்பார்கள்.

• தமிழ்நாட்டில் 9 மாதம் முடிந்ததும் ஒரு தடுப்பூசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று: இரண்டு ஊசியும் முக்கியம்.

செய்யக்கூடாதவை

• 'அம்மா வந்திருக்கா' என்று வீட்டுக்குள்ளேயே வைத்து மறைக்காதீர்கள். வாசலில் வேப்பிலை செருகுங்கள். ஆட்கள் உள்ளே வராமல் இருப்பதும் நல்லதுதான். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2019இல் தீவு நாடான சமோவாவில் பரவத் தொடங்கிய தட்டம்மையால் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னஞ்சிறு பிள்ளைகள். வேப்பிலை போலவே ஓர் அடையாளமாக, ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது அந்நாட்டு அரசு. துணியைப் பார்த்துச் செவிலியர்கள் வீடு தேடி வந்தார்கள்.

• வைட்டமின் ஏ-யை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வயதுக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

• 'எங்கள் நாட்டில் ஒழிந்துவிட்டது' என்று இருந்துவிடாதீர்கள். இலங்கை 2019இல் அப்படிச் சான்று பெற்றது. 2023இல் சின்னமுத்து திரும்பி வந்தது. ஊருக்குக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டோடு பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வையுங்கள்.