பேசாமல் நிறுவிய உண்மை

1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1ஐவிடப் பெரிய முழு எண்ணைப் பகா எண் என்கிறோம். 7 ஒரு பகா எண். 91 பகா எண் போலத் தோன்றினாலும், 7ஐ 13ஆல் பெருக்கினால் 91 கிடைத்துவிடும். சிறிய எண்களில் இதைக் கண்டறிவது எளிது. ஆனால், 21 இலக்கங்களைக் கொண்ட 147,573,952,589,676,412,927 பகா எண்ணா?

67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து 1ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இதே முறையில் 2, 3, 5, 7 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால், முறையே 3, 7, 31, 127 கிடைக்கின்றன. இவை நான்கும் பகா எண்கள். ஆனால், 11 இரண்டுகளைப் பெருக்கிக் கழித்தால் கிடைக்கும் 2047, 23ஐ 89ஆல் பெருக்கினால் வருவது. ஆகவே, இம்முறை எப்போதும் பகா எண்ணைத் தருவதில்லை.

பிரெஞ்சுத் துறவியும் அறிஞருமான மெர்சென் 1644ஆம் ஆண்டில் ஒரு பட்டியலை வெளியிட்டார். 67 இரண்டுகளால் உருவாகும் எண்ணும் பகா எண்ணே என்று அதில் குறிப்பிட்டார். ஆனால், அதற்குச் சான்று தரவில்லை. 1876ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, அது பகா எண் அன்று என்று நிறுவினார். வியப்பு என்னவென்றால், அதன் காரணிகள் எவை என்பது அவருக்கும் தெரியாது! மூடிய பெட்டியைக் குலுக்கிப் பார்த்தே உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருப்பதை அறிவது போன்றது இது.

பெட்டியைத் திறந்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் பிராங்க் நெல்சன் கோல். 1903ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் நடைபெற்ற கூட்டத்தில், அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் அந்தப் பெரிய எண்ணைக் கணக்கிட்டு எழுதினார் என்று கூறப்படுகிறது. பிறகு, 193,707,721ஐ 761,838,257,287ஆல் பெருக்கிக் காட்டினார். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தன. அவையோர் கைதட்டினர். இக்காரணிகளைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டதாக அவர் பின்னர்ச் சொன்னாராம்.

மாணவர்களே, நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். முதல் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, மீண்டும் கூட்டினால் 10, இறுதியில் 1. இரண்டாம் காரணியின் கூட்டுத்தொகை 64. அதுவும் இறுதியில் 1 ஆகும். 1ஐ 1ஆல் பெருக்கினால் 1. பெரிய எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 109. இறுதியில் அதுவும் 1தான்! இச்சோதனை பெருக்கலில் உள்ள பல பிழைகளைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும், விடை சரியென்று உறுதிசெய்ய முழுப் பெருக்கலையும் செய்யவேண்டும்.

காரணிகளைக் கண்டுபிடிப்பது கடினம். கண்டுபிடித்தவற்றைச் சரிபார்ப்பது எளிது. இன்று இணையத்தில் இரகசியத் தகவல்களைப் பாதுகாக்கும் முறைகளுள் சில இந்த வேறுபாட்டையே நம்பியுள்ளன. மெர்சென் பெரிய அறிஞர்தான். ஆனால், கணிதத்தில் சொன்னவர் யார் என்பதைவிட, சொன்னதற்குச் சான்று உண்டா என்பதே முக்கியம்.